எனக்குத் தாலாட்டு தெரியாது

சுஜா,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டு மூடிவிடுவாய். குரலைப் பதிவு செய்து அனுப்பினால், கேட்டதுமே உனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்துவிடும். காகிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் கொஞ்சமாவது படிப்பாய். சின்ன வயதில் கடலைப் பொட்டலத்தைக்கூட விரித்து வைத்து, அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எறிவாய். அந்தப் பழக்கம் இன்னும் போயிருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சனிக்கிழமை நீ மஸ்கட்டுக்குப் போகிறாய் என்பதை மருமகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெற்ற மகள் நாடு விட்டுப் போகும் செய்தியை இன்னொருவர் வாயால் கேட்கும்படி ஆகிவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்று நீ சொல்வாய். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் மகளின் இருபத்தெட்டு கெட்டு அன்று நடந்ததை நாம் இன்னும் பேசவில்லை. பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் அரையில் நூல் கட்டுகிற அந்தச் சடங்கு முறைப்படி என் வீட்டில் நடந்திருக்க வேண்டும். ஓட்டு வீடு, குளிமுறி வெளியே இருக்கிறது, ஆஸ்பத்திரி தூரம் என்று பேறுகாலத்துக்கே நீ வரவில்லை. நாகர்கோவில் பக்கம் உன் மாமியார் வீட்டில்தான் எல்லாம். சரி என்றேன். முந்தின நாள் போனில் நீ சொன்னாய்: "அம்மா, அங்க யாராவது கேட்டா கம்பெனியில வேலைன்னு சொன்னா போதும். அண்டியாபீஸ்னு சொல்லாண்டாம், கேட்டியா?" அதற்கும் சரி மக்கா என்றேன். போனை வைத்தபிறகு அந்தச் சொல்லை நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முந்திரிக்கொட்டைக்கு நம்ம பக்கம் அண்டி என்று பெயர், அதை உடைக்கிற தொழிற்சாலை அண்டியாபீஸ். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்தேன் என்பதுதான் நிஜம்.

அந்தக் கூடத்தை நினைத்துப் பார். பளபளவென்று மரத்தொட்டில், நாலு பக்கமும் பிச்சிப்பூ, சுற்றிலும் தூக்கிப் பிடித்த போன்கள். ரிட்டையர்டு தலைமையாசிரியையான உன் மாமியார் என்னைத் தோளில் தொட்டு முன்னால் தள்ளினார். "நீங்கதான் முதல்ல பாடணும் கேட்டேளா. அம்மை வழிப் பாட்டி பாடினாத்தான் பிள்ளைக்கு நல்லது." மருமகனின் சித்தி மகள் வேறு, "அத்தே, இந்தப் பக்கம் திரும்பிப் பாடுங்க, முகம் இருட்டா விழுது" என்றாள். எனக்குத் தாலாட்டு தெரியாது என்று மெதுவாகத்தான் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். "தாலாட்டு தெரியாத அம்மை உண்டா? அப்ப சுஜாவ யாரு ஒறக்கினா, ரேடியோவா?" அதற்கு எல்லோருமே சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே, "அம்மைக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாய். அந்தப் பொய் உனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

"தொண்டைக்கு ஒண்ணுமில்ல" என்றேன் நான். "நான் அண்டியாபீஸ்ல தல்லினவ. பாட்டுப் பாடி பிள்ளைய ஒறக்க எனக்கு நேரம் கெடச்சதில்ல. இவ அண்டி தல்லுற சத்தத்தில ஒறங்கி வளர்ந்தவளாக்கும்." போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நீ உன் போனைத் தட்டித் தொட்டில் பக்கத்தில் வைத்தாய். அதிலிருந்து எவளோ ஒருத்தி இனிமையாகப் பாட ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பஸ் ஏற்றிவிட மருமகன் வந்தார், நீ வரவில்லை.

நான் சொன்ன சொல்லில் எனக்கு வருத்தமில்லை. சொன்ன நேரம் தப்பு. உன் பிள்ளையின் நாள் அது, என் வழக்கைத் தீர்க்கிற நாள் அல்ல. இதை எழுதும்போதே எனக்குக் கோபமும் வருகிறது, அதையும் மறைக்கப்போவதில்லை. நீங்கள் இரண்டு பேரும் காலேஜில் விரும்பிக் கட்டிக்கொண்டதால் அந்த வீட்டில் யாரும் சாதியைப் பற்றிப் பேசுவதில்லை. சாதி கேட்க வெட்கப்படுகிற இடத்தில் வேலையைக் கேட்பார்கள். அம்மை என்ன செய்றா, வீடு எங்க, எத்தன முறி. பதில் தெரிந்துகொண்டுதான் கேட்பார்கள். நீ அதற்கு ஒரு பொய் செய்து கொடுத்தாய், நான் அதை உடைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நீ எந்தச் சத்தத்தில் உறங்கினாய் என்று உனக்கு முழுவதும் தெரியாது. நடக்கப் பழகியதும் உன்னை அங்கன்வாடியில் விட்டுவிட்டேன், அதனால் உனக்கு அந்த ஷெட் ஞாபகமிருக்க வழியில்லை. உன் அப்பா கொத்து வேலைக்குக் கொல்லம் பக்கம் போனவர் அங்கேயே இன்னொரு வீடு வைத்துக்கொண்டார். உனக்குக் கழுத்து நின்றதும் உன்னை எடுத்துக்கொண்டு நான் வேலைக்குத் திரும்பினேன். நீளமான ஷெட், தகரக் கூரை. வறுத்த அண்டி மலைபோலக் குவிந்து கிடக்கும். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு கல், கையில் ஒரு மரக்கட்டை. அண்டியை நிறுத்தி, ஓங்காமல் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு உடையும், கூலி குறையும். லேசாகத் தட்டினால் ஓடு விடாது. இதைத்தான் தல்லுவது என்போம். ஷெட் நிறையப் பெண்கள் ஒரே நேரத்தில் தல்லும்போது வருகிற சத்தம், ஓட்டுக்கூரையில் விழுகிற மழையைப்போல இருக்கும், ஆனால் நிற்கவே நிற்காது. மடித்துப் போட்ட சாக்கில் என் இடுப்புக்குப் பின்னால் நீ கிடப்பாய். முதல் நாள் அலறினாய். பிறகு அந்தச் சத்தம் தொடங்கினால்தான் கண்ணை மூடுவாய்.

அண்டி ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் பொள்ளும், கறுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு தல்லுவோம், அப்படியும் தோல் உரியும். அந்தக் கையால் பிள்ளையைத் தொட முடியாது. தாய் என்றால் தட்டிக்கொடுப்பாள், தடவிக்கொடுப்பாள் என்கிறார்கள். நான் உன்னை முழங்கையால் தட்டி உறக்கினேன். பால் கொடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்த லீலா அக்கா தன் முழங்கைகளால் உன்னைத் தூக்கி என் மடியில் வைப்பாள். உன் இடது தோளில் இருக்கிற கறுத்த தடம், ஒருநாள் நீ சாக்கிலிருந்து உருண்டபோது யோசிக்காமல் பிடித்ததில் வந்தது. அது உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் மச்சம் என்று சொல்வாய்.

ஷெட்டுக்கு வெளியே தனி அறையாக ஒரு முறி இருந்தது. கதவில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும், அதனால் இருந்தது. உள்ளே காலிச் சாக்குகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். அதிகாரி வருகிறார் என்றால் சாக்குகள் வெளியே போகும், தொட்டில் உள்ளே வரும். லீலா அக்கா சொல்வாள், "நம்ம முறி சொர்க்கவாசலாக்கும் பிள்ளே. வருஷத்துக்கு ஒருக்கத்தான் தொறக்கும்." அப்படி ஒருநாள் மேஸ்திரி என்னிடம் வந்து, "ஏட்டி, நாளைக்குக் கொச்சுப்பிள்ளையக் குளிப்பிச்சு, பவுடரு போட்டுக் கொண்டு வா. முறி தொறக்குது" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாளாவது நீ தூசி இல்லாத இடத்தில் படுப்பாய் என்று மஞ்சள் சட்டை போட்டுக் கொண்டுபோனேன்.

நீ படுக்கவில்லை. அந்தச் சுத்தமான முறியில், அந்தப் புதுத் தொட்டிலில் போட்டதும் தொண்டை கிழியக் கத்தினாய். டீ போடுகிற தங்கத்துக்கு அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சேலை கட்டி ஆயா ஆக்கியிருந்தார்கள். அவளுக்குப் பாட்டு நன்றாக வரும். ஆராரோ ஆரிரரோ என்று உருகிப் பாடினாள். நீ அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாய். அதிகாரி வராந்தாவுக்கு வந்துவிட்டார். மேஸ்திரி ஓடிவந்து, "உனக்க பிள்ளைய வாயடைக்க வையேம்ட்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னை இழுத்துப்போனார். தூக்க முடியாது, கை முழுக்க எண்ணெய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையிலிருந்த மரக்கட்டையால் முறியின் தரையில் தட்ட ஆரம்பித்தேன். தல்லுகிற அதே வேகத்தில், அதே அழுத்தத்தில். நீ விக்கினாய், கட்டைவிரலை வாயில் வைத்தாய், உறங்கிப்போனாய்.

அதிகாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ளை தினமும் எங்கம்மா தூங்கும்?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்க பக்கத்துல, சார். சாக்குல" என்றேன். அவர் கதவிலிருந்த எழுத்தைப் பார்த்தார், பிளாஸ்டிக் உறை கழற்றாத பொம்மைகளைப் பார்த்தார், கையிலிருந்த டீயைப் பார்த்தார். "சரி, சரி. பிள்ளை தூங்கிட்டுதில்லா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் முறிக்குள் போனார். போகும்போது முதல்தரப் பருப்பு ஒரு பொட்டலம் அவர் ஜீப்பில் ஏறியது. மறுநாள் முறியில் சாக்குகள் திரும்பி வந்தன. எனக்கு அந்த மாதம் வேலை இல்லை என்றார்கள். லீலா அக்கா வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திட்டினாள்: "சவமே, ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிப் போவுமா?" உண்மையைச் சொல்ல நான் எப்போதும் தப்பான நேரத்தையே பிடிக்கிறேன் என்பது உனக்கு இப்போது புரியும். ஆனால் சரியான நேரம் என்று ஒன்றை யாரும் எங்களுக்கு ஒதுக்கித் தரவில்லை.

பிறகு மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலேயே ஒருவர் பேசினார், தாயின் தாலாட்டில் வளராத பிள்ளை உண்டா என்று. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கோபம் வந்தது. தாலாட்டுப் பாட மடி வேண்டும், மடியில் வேலை இல்லாத நேரம் வேண்டும், தொடக்கூடிய கை வேண்டும். இதில் எதுவும் இல்லாமல் பிள்ளை வளர்த்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறோம். இருட்டோடு ரப்பர் வெட்டப் போகிறவள், திருவனந்தபுரத்தில் அடுத்தவர் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகிறவள், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறுகிற நர்ஸ். பாடவில்லையே என்று எங்களைக் கேட்பார்கள். பிள்ளையை எங்கே படுக்கப் போட்டாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது எனக்கே உறக்கம் வருவதில்லை, சுஜா. ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். தல்லுவதற்கு மெஷின் வந்துவிட்டது, மெஷினும் இங்கே வரவில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டது. லீலா அக்கா மகனோடு சென்னைக்குப் போனாள். நம்ம தெருவில் கட்டியிருக்கிற பெரிய வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, கேட்டுக்கு உள்ளே நாய்கூட இல்லை. டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன், ஒரே சண்டை. ஒருநாள் ரேஷன் கார்டு விஷயமாக மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் தகரம் கடகடவென்று ஆட, பக்கத்தில் இரண்டு பெண்கள் மீன் விலை பேச, அப்படி உறங்கிப்போனேன். அன்றிலிருந்து மத்தியானங்களில் திருவட்டாறில் ஏறி, மார்த்தாண்டம் போய், இறங்காமல் திரும்பி வருகிறேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கண்டக்டர் பையன் முதலில் சந்தேகப்பட்டான். "யக்கா, ஸ்டாண்டு வந்தாச்சு. எறங்கல்லியா?" இல்லை மக்கா, திரும்பிப் போறேன் என்றேன். "எங்க போறதுக்கு?" வீட்டுக்கு. "அப்ப என்னத்துக்கு வந்தீங்க?" உறங்க என்றேன். அவன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர், "ஒறங்கட்டு விடுலே. எனக்க பொண்டாட்டி எனக்க பக்கத்துல ஒறங்க மாட்டேங்கிறா, இவங்களாவது நம்ம வண்டியில ஒறங்குதாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. இப்போது எனக்காக ஜன்னல் சீட்டில் அவன் தன் பையை வைத்துக் காத்திருக்கிறான். இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று தோன்றித்தான் அன்றைக்கு நாலு தடவை போன் செய்தேன். அவசரம் ஒன்றுமில்லை.

மஸ்கட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்தாயிற்று என்று மருமகன் சொன்னார். வெளிநாட்டுப் பெண், முன் அனுபவம் உண்டு, தாலாட்டுக்கூடப் பாடுவாளாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. நீ கூப்பிடாத இடத்துக்கு ஆயாவாக வரமாட்டேன். கூப்பிட்டால் அம்மாவாக வருவேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற ஒரே புத்திமதி இதுதான். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். இல்லாமல் யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். முதல் நாளே அவளிடம் உட்கார்ந்து கேள், உன் பிள்ளையை யார் உறக்குகிறார்கள் என்று. அவள் ஊரில் அந்தப் பிள்ளை உறங்கும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் அவளுக்கு வேலை சொல்லாதே. போனைக் கையில் கொடு, கதவைச் சாத்திக்கொள்ளட்டும். உன் பிள்ளை அழுதால் நீ எடு, இல்லை மருமகன் எடுக்கட்டும், அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. அவள் உன் வீட்டில் பாடும்போது அதைப் படம்பிடித்து யாருக்கும் அனுப்பாதே. பாட்டு வராத நாளில் ஏன் பாடவில்லை என்று கேட்காதே. நீ நல்ல சம்பளம் கொடுக்கலாம். ஆனால் காப்பகம் என்று எழுதிவைத்துவிட்டு உள்ளே சாக்கு அடுக்குகிறவர்களோடு நீ சேரக் கூடாது. அப்படிச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டால், என் தொழிலை நீ மறைத்ததைவிட அது எனக்கு வலிக்கும்.

என்னைப் பற்றி அந்த வீட்டில் இனி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். கம்பெனி என்று சொல், டீச்சர் என்று சொல், செத்துப்போனாள் என்று மட்டும் சொல்லாதே. நான் இனி திருத்தமாட்டேன். உன் வாழ்க்கைக்கு எந்தப் பொய் தேவைப்படுகிறது என்று உனக்குத்தான் தெரியும், அந்த வீட்டில் தினமும் எழுந்திருக்கிறவள் நீ. ஆனால் உன் மகளிடம் சொல்லாதே. அவள் பேச ஆரம்பித்து, பாட்டி யார் என்று கேட்டால், என் பெயரைச் சொல், என் வேலையைச் சொல். உன் தோளைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் மச்சம் என்று சொல்லாதே. பிள்ளைகளுக்கு நிஜம் பயமாக இருக்காது. பெரியவர்கள் முகம் சுளிக்கிறபோதுதான் பயம் வரும்.

அந்த மத்தியானம் அவளை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தொட்டிலுக்குள் ஒரு காதும் கொஞ்சம் முடியும் தெரிந்தன. தூக்கலாம் என்று கை நீட்டும் முன்னால் பேச்சு முற்றிவிட்டது. அவளுக்கு நாலு மாதம் ஆகப்போகிறது, என் பேத்தியின் கனம் என்ன என்று எனக்குத் தெரியாது. சண்டையெல்லாம் ஒதுக்கிவிட்டால் எனக்கு மிச்சமிருக்கிற வேதனை இது ஒன்றுதான்.

சனிக்கிழமை நீங்கள் கார் பிடித்துத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிறீர்கள். விமானம் சாயங்காலம் என்றார் மருமகன். அப்படியென்றால் மத்தியானத்துக்குள் மார்த்தாண்டத்தைத் தாண்டியாக வேண்டும். நான் காலையிலேயே அங்கே போய் நிற்பேன். நீ மன்னித்துவிட்டாய் என்று சொல்ல வேண்டாம், எதுவுமே பேச வேண்டாம். பிள்ளையை மட்டும் ஒரு நிமிஷம் கையில் கொடு. உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்பமாட்டேன். ஒன்று மட்டும் கவனம். டிரைவர் நேரம் மிச்சம் என்று மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிவிடுவார். மேலே போனால் கீழே நிற்கிறவர்கள் யாரும் தெரியமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லி, வண்டியைக் கீழ் ரோட்டில் விடச் சொல்.

அம்மா